காலண்டர் தாளின் மறுபக்கம்

சாப்பாட்டு மேசை மேல் பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டு, தடித்த கறுப்பு மார்க்கரால் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு தாளுக்குப் பன்னிரண்டு வரி. அதற்கு மேல் போனால் எழுத்து சிறுத்துவிடும். ஆறடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குத் தெரியாது. அவரிடம் கண்ணாடி இருக்கிறது. கேமரா முன்னால் மட்டும் போட மாட்டார். "கண்ணாடி போட்டா பென்ஷன் ஆபீஸ் வரிசையில நிக்கிறவன் மாதிரி இருக்கேன்" என்பார். "பின்ன நீங்க யாராம்?" என்பாள் அம்மா. அம்மாவுக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. விற்காமல் நின்றுபோன காலண்டர்களைக் கட்டுக்கட்டாக அவள்தான் கொண்டுவந்து தருவாள்.

அப்பா இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவர். சார்ஜென்டாக ஓய்வு பெற்றவர். நான்கு வருடமாக தினமும் மாலை ஆறு மணிக்குக் கைப்பேசி கேமரா முன்னால் உட்கார்ந்து எட்டு நிமிடம் பேசுகிறார். நிகழ்ச்சியின் பெயரே 'எட்டு நிமிடம்'தான். நாட்டு நடப்பு, பத்திரிகைகள், தொலைக்காட்சி, படை. ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு வருடமாவது சீருடை போட வேண்டும் என்பார். தன் வீட்டிலிருந்து ஒருவரையும் அனுப்பாத தலைவர் போரைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பார். உரிமையைக் கேட்கும் முன் கடமையைச் சொல் என்பார். நாலு கட்டங்களுக்குள் நாலு பேரை உட்கார வைத்துக் கத்தவிடுவது செய்தி அல்ல, சந்தைக்கடை என்பார். அவர் சொன்னதில் பெரும்பாலானவை சரி என்றே நான் இன்றும் நினைக்கிறேன். "எட்டு நிமிஷத்துல நாட்டைத் திருத்துறாரு, எட்டு வருஷமா இந்தக் குழாய் சொட்டுது" என்று அம்மா சமையலறையிலிருந்து சொல்வாள். அவளும் ஆறு மணிக்குக் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்து நின்று கேட்பாள்.

ஆரம்பத்தில் அப்பா மனதில் பட்டதைப் பேசினார். பேசப் பேசக் கோபம் முந்திக்கொண்டது. ஒருநாள் ஓர் அமைச்சரைச் சொல்லக் கூடாத ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, உன் கையெழுத்து நல்லா இருக்கும். நான் சொல்றேன், நீ எழுது. எழுதினதை மட்டும் படிக்கிறேன். ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்." அப்படியே நடந்தார். தாளில் இருப்பது அவருக்குக் கட்டளை மாதிரி. கேமரா ஓடத் தொடங்கிவிட்டால் கண் வாசிக்கும், வாய் சொல்லும், அவ்வளவுதான். எப்போதும் நேரலை. "வெட்டி ஒட்டுறது அவங்க தொழில். நாம நேரா பேசுவோம். சொன்னதை அழிக்கவும் மாட்டோம்." முடிக்கும்போது அணிவகுப்பில் சொல்வது போல "கலையலாம்" என்பார். கேமராவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்த தாள்களை நான் கீழே வைப்பேன்.

பள்ளிக்கூடத்தை நான் பத்தாவதோடு விட்டிருந்தேன். வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு மதியம் முழு வகுப்பும் சிரித்தது, ஆசிரியையும் சேர்ந்து சிரித்துவிட்டார். மறுநாள் வயிற்றுவலி என்றேன். அந்த வயிற்றுவலி இன்னும் தீரவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. அப்பாவின் தாள்களை எழுத ஆரம்பித்த பிறகு, தினமும் ஆறு மணிக்கு என் கையெழுத்தைப் பல ஆயிரம் பேர் கேட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதும்போது இங்கே ஒரு சொல்லைச் செதுக்குவேன், அங்கே ஒரு வாக்கியத்தை உடைப்பேன். அப்பா படித்துப் பார்த்துவிட்டு "நல்லா வந்திருக்கு" என்பார். சமையலறை அலமாரிக்குப் பின்னால் நான் செருகி வைத்திருந்த நோட்டுகளைப் பற்றி அவருக்குத் தெரியாது.

ஆறு மணி எட்டு நிமிடத்துக்கு வீட்டுத் தொலைபேசி அடிக்கும். வயர்லெஸ் மாமா. அப்பாவுடன் ஒரே பிரிவில் வயர்லெஸ் கருவியோடு பதினெட்டு வருடம் இருந்தவர். பின் தெருவில்தான் வீடு. "நல்லா கேட்டுச்சு சார்ஜென்ட். ஓவர்" என்பார். ஓவர் என்றால் நான் முடித்துவிட்டேன், நீ பேசு என்று அர்த்தம். அப்பா பேசிவிட்டு "ஓவர்" என்பார். இப்படியே அரை மணி நேரம் போகும். பேச்சு முழுக்க முடிந்தால் "அவுட்" சொல்ல வேண்டும். அதை மட்டும் இரண்டு பேரும் சொல்வதே இல்லை. ரிசீவரை அப்படியே வைத்துவிடுவார்கள்.

மாமாவின் மகனை நாங்கள் ஒல்லி என்றுதான் கூப்பிடுவோம். போன வருடம் படையில் சேர்ந்தான். மாமாவுக்கு அவ்வளவாக விருப்பமில்லை. "நான் பட்டது போதும் சார்ஜென்ட், இவனாவது வெயில் படாம ஒரு கடையில உக்காரட்டும்" என்றார். அப்பாதான் விடவில்லை. விடியற்காலையில் ஒல்லியைக் கூட்டிக்கொண்டு ஓடினார். பூட்ஸுக்கு எப்படிப் பளபளப்பேற்றுவது, படுக்கையை எப்படி மடிப்பது, அதிகாரி முன்னால் எப்படி உட்கார்வது என்றெல்லாம் எங்கள் மொட்டை மாடியில் பாடம் நடந்தது. "நாலு கிலோ ஏறிட்டுத் திரும்பி வா, பேரை மாத்திடுவோம்" என்று அம்மா சொல்லி அனுப்பினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தொலைக்காட்சி ஒன்றில், முகம் மறைத்த ஓர் இளம் படைவீரனின் பேட்டி வந்தது. முகத்தின் இடத்தில் சதுரம் சதுரமாகக் கலங்கல், குரலையும் மாற்றியிருந்தார்கள். பனியில் நிற்க வைக்கிறார்கள், கையுறை கிழிந்தால் மாற்றுக் கிடையாது, சாப்பாடு ஆறிப்போய்த்தான் வரும் என்றான். இரண்டு நிமிடம்தான் வந்தது. அதை இரவு வரைக்கும் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். பின்னணியில் சோக இசை. எதிர்க்கட்சி பேசியது, ஆளுங்கட்சி பேசியது, நாலு கட்டத்துக்குள் நாலு பேர் கத்தினார்கள். அப்பா தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் நின்று ஒருமுறை பார்த்தார். பிறகு அணைத்துவிட்டார்.

மறுநாள் அவர் சொன்னதை எழுதும்போது எனக்குச் சப்பென்று இருந்தது. தொலைக்காட்சியைத் திட்டினார்; படையில் குறை சொல்ல வழி இருக்கிறது, மேலதிகாரி இருக்கிறார், அந்த வழி அடைந்திருந்தால் அதைத் திறப்பது அரசின் வேலை என்றார். அந்தப் பையனைப் பற்றி ஒன்றுமே இல்லை.

"அவனைப் பத்தி எதுவும் சொல்லலையேப்பா?"

"வேண்டாம். சீருடை போட்டவனை நான் திட்ட மாட்டேன். இவ்வளவுதான், எழுது."

முன்பெல்லாம் ஒழுங்கு மீறியவனை அவர் விட்டதில்லை. வயசாகிவிட்டது, மென்மையாகிவிட்டார் என்று நினைத்தேன். ஒன்பதாவது தாளின் கீழே இரண்டு வரிக்கு இடம் இருந்தது. என் நோட்டில் முந்தின நாள் எழுதி வைத்த ஒரு வாக்கியம் இருந்தது. அதைக் கொண்டுவந்து அங்கே வைத்தேன்.

'இவன் முகத்தை மறைத்தது தொலைக்காட்சி அல்ல. இவனுடைய வெட்கம்.'

எழுதி முடித்ததும் உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு கச்சிதமாக அதுவரை நான் எதையும் எழுதியதில்லை. வெட்கத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன. மணி ஆறாகிவிட்டது. அன்று குழாய்க்காரர் வந்த கலவரத்தில் அப்பா தாள்களை முன்கூட்டிப் புரட்டிப் பார்க்கவில்லை. வந்து உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார், நேராக ஆரம்பித்துவிட்டார்.

ஒன்பதாவது தாள். கண் வாசித்தது, வாய் சொன்னது. அந்தக் கடைசிச் சொல்லுக்குப் பிறகு அப்பா ஒரு நொடி நின்றார். நன்றாக விழுந்துவிட்டது, அதை அனுபவிக்கிறார் என்று நான் நினைத்தேன். "கலையலாம்" என்றார். கேமராவை அணைத்த பிறகும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"அந்தக் கடைசி வரி..."

"நான்தான்பா. நல்லா இருக்குமேன்னு..."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கைகளை முட்டி மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "பேட்டி குடுத்தவன் எப்படி உக்காந்திருந்தான்னு கவனிச்சியா? கட்டைவிரலை உள்ள மடக்கி, முட்டி மேல. அப்படி உக்காரச் சொல்லிக் குடுத்தது நான்."

வீட்டுத் தொலைபேசி அலமாரி மேல் இருந்தது. ஆறு எட்டு தாண்டிவிட்டிருந்தது. ஆறு பத்து ஆயிற்று. அது அடிக்கவில்லை.

அன்றிரவுக்குள் அந்த வரி ஊரெல்லாம் போய்விட்டது. அப்பாவுக்கு ஆதரவான ஆட்கள் அதை அவருடைய படத்துக்குக் கீழே அச்சடித்துப் பகிர்ந்தார்கள். 'சார்ஜென்ட் செருப்படி' என்று எழுதினார்கள். செவ்வாய்க்கிழமை அந்தப் பையனுக்காகச் சோக இசை போட்ட அதே தொலைக்காட்சி, வெள்ளிக்கிழமை அப்பா அந்த வரியைச் சொல்லும் ஐந்து விநாடியை மட்டும் வெட்டி எடுத்து, 'முன்னாள் வீரரே சாடல்' என்று போட்டு, மறுபடி நாலு பேரைக் கத்தவிட்டது. பார்க்கிறவர்கள் எண்ணிக்கை மூன்று மடங்கானது. சனிக்கிழமை, விடுப்பில் வந்திருந்த ஒல்லிக்கு விசாரணைக் கடிதம் வந்தது. கடிதம் கொண்டு வந்தவர் விலாசம் தெரியாமல் நாலு வீட்டில் கேட்டிருக்கிறார். தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

"அழிச்சிடுங்களேன்" என்றாள் அம்மா.

"அழிச்சா? மந்திரி சொன்னதை அழிச்சான், சேனல்காரன் போட்டதை அழிச்சான்னு நாலு வருஷமா நான் யாரைத் திட்டிக்கிட்டிருக்கேன்?"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இவருக்கு இந்த மாதிரி எழுத வராது. வெட்கம்னு ஒரு சொல் இருக்கிறதே இவருக்குத் தெரியாது." விளையாட்டாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். பார்வை மட்டும் என் மேலேயே நின்றது. நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வயர்லெஸ் மாமா வந்தார். தூறல். குடையை வாசலில் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, வழக்கமாக உட்காரும் சோபாவில் உட்காராமல், அப்பா கேமராவுக்காக வைத்திருக்கும் மர நாற்காலியில் உட்கார்ந்தார். நான் உள்ளறையில் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அம்மா டீ கொண்டுபோய் வைத்தாள். அது ஆறிப்போய் மேலே ஏடு படிந்தது.

"அவனைச் சேர்த்தது நீ."

"ஆமா."

"நான் வேணாம்னேன்."

"ஆமா."

"தப்பு பண்ணினான்னு சொல்லு, தாங்கிக்குவேன். வழிமுறை இருக்கு, அவன் மீறினான். அதுக்கு அடி வாங்கட்டும். நானே குடுத்துட்டேன் ரெண்டு." மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் உரக்கப் பேசுவார். அன்று அவர் குரல் கதவுக்குப் பின்னால் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "வெட்கத்துல மூஞ்சியை மறைச்சவன்னு ஊரைக் கூட்டிச் சொல்லணுமா? உனக்கு அவனைத் தெரியலையா? எனக்குத் தெரிஞ்சுது. அவங்கம்மாவுக்குத் தெரிஞ்சுது. மொட்டை மாடியில உக்கார வச்சுப் பழக்கினவனுக்குத் தெரியலையா?"

அப்பா ஆறிய டீயை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அது நீ எழுதின வரிதானா? அதை மட்டும் சொல்லு."

நான் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று எட்டு வைத்தால் கூடம். ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். நான் தாழ்ப்பாளை விடவில்லை.

"ஆமா," என்றார் அப்பா. "நான்தான்."

மாமா எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, திரும்பாமலேயே, சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னார். "அவுட்."

மழை வலுத்திருந்தது. குடையை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மூன்று நாள் அப்பா கேமரா முன்னால் உட்காரவில்லை. நான்கு வருடத்தில் அதுதான் முதல்முறை. கைப்பேசியில் 'சார்ஜென்ட் எங்கே?' என்று கேள்விகள் குவிந்தன. அவர் குழாய்க்கு வாஷர் மாற்றினார். சொட்டுவது நின்றது, வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. என்னிடம் அந்த வரியைப் பற்றி அவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை காலை, குடையைத் திருப்பிக் கொடுப்பது போல் மாமா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அந்த வரி என்னுடையது. அந்த வரி என்னுடையது. அத்தை கதவைத் திறப்பாள் என்று நினைத்தேன். ஒல்லி திறந்தான். நாலு கிலோ ஏறவில்லை; இன்னும் குறைந்திருந்தது. விரல் நுனிகள் பனி தின்று கறுத்துத் தோலுரிந்திருந்தன. முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அட, நீயா? உள்ள வா. அம்மா கடைக்குப் போயிருக்கு."

தலையாட்டிக் குடையை நீட்டினேன்.

"சார்ஜென்ட் மாமா எப்படி இருக்காரு? மூணு நாளா காணோமே. எங்கப்பா ஆறு மணிக்குப் போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. கேட்டா மணி பாக்குறேங்கிறாரு." சிரித்தான். பிறகு குடையை மடக்கிப் பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னான். "நாப்பது நிமிஷம் பேசினேன் தெரியுமா? பேர் வராது, மேலதிகாரிங்க காதுக்குப் போகும், சாமான் வரும்னு சொன்னாங்க. எங்க கேப்டன் தன் கையுறையைக் கழட்டி எனக்குக் குடுத்தாரு. அதையும் சொன்னேன். அதுதான் முக்கியம்னு சொன்னேன். அது வரல."

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"மாமா மேல எனக்குக் கோபமில்லைன்னு சொல்லிடு. அவர் சொன்னது சரிதான். சேனல்காரன் முகத்தைக் காட்டலாம்னுதான் சொன்னான். மறைக்கச் சொல்லிக் கேட்டது நான். வெட்கமாத்தான் இருந்துச்சு." அவன் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டான். "அந்த வரி தினமும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. அவருக்கு மட்டும் எப்படி அது தெரிஞ்சுதுன்னு நினைப்பேன்."

நான் தலையாட்டினேன். படியிறங்கினேன். தெரு முனையில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவன் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தான், குடையோடு. திரும்பிப் போயிருக்கலாம். முப்பது எட்டுகூட இல்லை.

வீட்டுக்கு வந்து நாற்பது நிமிடத்தையும் கையுறை விஷயத்தையும் அப்பாவிடம் சொன்னேன். அதை மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவர் ஷேவிங்கை நிறுத்தி, பாதி முகத்தில் நுரையோடு கேட்டார். "நாப்பது நிமிஷமா?" என்றார். "ரெண்டு நிமிஷம் போட்டானுங்க." கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் அதுல அஞ்சு விநாடி சேர்த்தேன்." பிறகு, "மாலையில பேசுறேன். தாளை எடு" என்றார்.

காலண்டர் கட்டில் ஆறு தாள்தான் மிச்சம் இருந்தது. அப்பாவும் சரியாக ஆறு தாளுக்குத்தான் சொன்னார். அந்தக் கேப்டனின் கையுறையைப் பற்றி. நாற்பது நிமிடத்தை இரண்டாக்கும் கத்திரிக்கோலைப் பற்றி. அந்தப் பையன் போன வழி தவறு, ஆனால் அவன் சொன்ன பனி பொய்யல்ல, நானும் அதில் நின்றிருக்கிறேன் என்று. படையை மதிப்பவன்தான் அதன் கையுறையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று. "அந்த வரிக்கு?" என்று அம்மா கேட்டாள். "அதைத் தாள் இல்லாம நானே சொல்லிக்கிறேன்" என்றார். குளிக்கப் போனார்.

எனக்கு இன்னொரு தாள் வேண்டியிருந்தது. கூடத்தில் புதுக் காலண்டரை எப்போதும் பழையதன் மேலேயே, அதே ஆணியில் மாட்டுவார் அப்பா. அடியில் கையை விட்டு, போன வருடத்துத் தாள் ஒன்றைப் பார்க்காமலேயே கிழித்தேன். பேச வராதவளுக்கு எழுத வரும். பெரிய எழுத்தில், நாலே வரி.

'அந்த வரியை நான் எழுதவில்லை. நான் வேண்டாம் என்றதை, எனக்குத் தெரியாமல் சேர்த்தவள் என் மகள். படித்தது மட்டுமே நான்.'

அவர் தாளில் இருப்பதைப் படிப்பார். ஒரு வார்த்தை கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். பின் தெருவில் மாமா போனைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்.

ஆறு மணி. அப்பா முழுச் சட்டை போட்டு, கழுத்துப் பட்டன் வரை மாட்டியிருந்தார். ஆறு தாளையும் படித்தார். குரல் ஒருமுறை மட்டும், கையுறையைச் சொல்லும்போது, இடறியது. நான் ஆறாவதைக் கீழே வைத்துவிட்டு ஏழாவதைத் தூக்கினேன். அப்படியொரு தாள் இருப்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. கண்ணைச் சுருக்கினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒருமுறை படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"அன்னைக்கு நான் ஒரு வரி சொன்னேன்," என்றார் கேமராவைப் பார்த்து. "அது என் வாயிலேர்ந்து வந்துச்சு. அது என்னோடது. வேற யாரோடதும் இல்ல. அந்தப் பையன் அதைக் கேட்டுக்கிட்டிருந்தா, தம்பி, அதை இறக்கி வச்சிடு. அதை நான் சுமக்கிறேன்."

அவ்வளவுதான். 'கலையலாம்' என்று சொல்லவில்லை. எட்டு நிமிடம் ஆக இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. எட்டு என்று சொன்னால் எட்டுதான் அவருக்கு. கைகளை முட்டி மேல் வைத்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, நேராக உட்கார்ந்திருந்தார். கைப்பேசியின் மூலையில் பார்க்கிறவர்கள் எண்ணிக்கை நூறு நூறாக இறங்கியது. அலமாரி மேல் தொலைபேசி இருந்தது. அம்மா சமையலறை வாசலில், கையைப் புடவையில் துடைத்தவள், அப்படியே நின்றாள்.

தாளை இறக்கினால் அவர் என்னைப் பார்ப்பார். நான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். எழுத்து அவர் பக்கம் இருந்தது. என் பக்கம் போன வருடத்து ஒரு மாதம், கட்டம் கட்டமாக. அதில் ஒரு தேதியைச் சுற்றி அப்பா சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். உள்ளே, இடம் பற்றாமல் நெருக்கி எழுதியிருந்தது: 'ஒல்லி கிளம்புறான். காலை 5.40. நாம எல்லாரும் போறோம்.'

கை வலித்தது. இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.